ஓகஸ்ட் லீவில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்பு நிகழ்ச்சி: அரசாங்கக் காசு எங்கே கிடக்கிறது, எங்கே தடுக்குகிறது

"சிறுவர் விடுமுறை வாசிப்புத் திட்டம்" என்று பெயர்ப்பலகை போட்ட ஒரு திட்டம் திருகோணமலையில் எந்தக் கந்தோரிலும் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு போனால் மேசைக்கு மேசை அனுப்பி, கடைசியில் "அப்படி ஒன்று இல்லையே அம்மா" என்று சொல்லி விடுவார்கள். அது பொய்யுமில்லை. காசு வேறு பெயர்களில் நாலு இடத்தில் கிடக்கிறது, அந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்குத்தான் அலுமாரி திறக்கும்.

பின்னணி சுருக்கமாக. பொது நூலகங்களை நடத்துவது உங்கள் மாநகர, நகர அல்லது பிரதேச சபை, அதன் ஆண்டு பாதீட்டில் நூலகத்துக்கு ஒரு ஒதுக்கீடு இருக்கும். பாடசாலைக்கு, பிள்ளைகளின் தொகையைப் பார்த்து, தர உள்ளீட்டு நிதி வரும், அதில் வாசிப்பு நூல்கள் வாங்கலாம். ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம், தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை 2004 முதல் நடத்திவருவது, அதற்கென்று சபைகளும் பாடசாலைகளும் கொஞ்சம் எடுத்து வைக்கும். நாலாவது, பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். கிராமத்துச் சிறுவர் கழகங்களுக்கு அவர்தான் பொறுப்பு. அவ்வளவுதான். இனிச் சொல்லப்போவதுதான் ஆட்களை அலைக்கழிக்கிற விஷயம்.

முதல் பொறி காலம். எங்கள் அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடிகிறது. ஓகஸ்ட் லீவுக்கு ஜூலையில் போய்க் கேட்டால் "இந்த வருசத்துக்குப் போட்டு முடிஞ்சுது, அடுத்த வருசம் பார்ப்பம்" என்பார்கள். அடுத்த வருசம் ஜூலையில் போனாலும் அதே வசனம்தான். சபையின் பாதீடு முந்தின வருசக் கடைசியில் நிறைவேறிவிடும், ஆகவே அடுத்த ஓகஸ்டுக்கான கடிதம் இந்த வருசம் செப்டெம்பருக்குள் சபைக்குப் போயிருக்க வேண்டும். நிறைவேற்ற முன் பாதீட்டு வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. யாரும் போய்ப் பார்ப்பதில்லை என்பதால் அது ஒரு மேசையில் தூசி பிடித்துக் கிடக்கும். நீங்கள் போங்கள். நூலகத் தலைப்பில் "சிறுவர் நிகழ்ச்சிகள்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் அந்த நேரத்தில்தான் சத்தம் போடலாம், ஜனவரிக்குப் பிறகு சத்தம் போட்டு என்ன பயன். 2023 மார்ச்சில் சபைகள் கலைந்து 2025 மே தேர்தல் வரைக்கும் செயலாளர்கள்தான் நடத்தினார்கள், கேட்க ஆளில்லை. இப்போது வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினர் இருக்கிறார், கடிதத்தின் ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்து, அதைச் சபைக் கூட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது பொறி அங்கத்துவம். நூலகம் நடத்தும் லீவு நிகழ்ச்சிக்கு "நூலக அங்கத்தவர்கள் மட்டும்" என்று அறிவித்தல் போடுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலான பொது நூலகங்களில் பிள்ளை அங்கத்தவராக ஒரு பிணையாளர் வேண்டும், அவர் அந்தச் சபைக்குச் சோலைவரி (வீடு, காணிக்குச் சபை வாங்கும் வரி) கட்டுபவராகவோ அரசாங்க உத்தியோகத்தராகவோ இருக்க வேண்டும். இந்த ஒரு வரியில் எத்தனை பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள் தெரியுமா? ஒரு அம்மம்மா, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நூலக மேசை முன்னால் நின்றதைப் பார்த்தேன். தாய் குவைத்தில். வீடு சீதன வீடு, சோலைவரி ரசீது இன்னும் செத்துப்போன தாத்தாவின் பெயரில். மேசையில் இருந்தவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இவரைக் கூட்டி வாங்கோ" என்றார். பேத்தி "தாத்தா எப்படி வருவார்" என்று கேட்டது, அம்மம்மா பதில் சொல்லாமல் ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வாடகைக்கு இருப்பவர்கள், காணிக்குப் பத்திரம் இன்னும் கைக்கு வராதவர்கள், சம்பூர்ப் பக்கம் மீள்குடியேறி வந்தவர்கள் எல்லாருக்கும் இதே கதிதான்.

இதற்கு வழி இருக்கிறது. பிணையாளர் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று எங்கும் கிடையாது. பிள்ளையின் வகுப்பாசிரியர் அரசாங்க உத்தியோகத்தர்தான், அவர் கையெழுத்துப் போடலாம். சில நூலகங்கள் பிணைக்குப் பதிலாகத் திருப்பித் தரும் வைப்புப்பணம் வாங்குகின்றன. அது கேட்டால்தான் சொல்வார்கள், ஆகவே கேளுங்கள். இதைவிட நேரான கேள்வி ஒன்றும் இருக்கிறது: புத்தகத்தை வீட்டுக்கு இரவல் கொண்டுபோகத்தானே அங்கத்துவம், மண்டபத்தில் உட்கார்ந்து வாசிக்க ஏன்? பொது நூலகத்தின் வாசிப்புப் பகுதிக்கு யாரும் போகலாம். அங்கத்துவம் இல்லாத பிள்ளையை நிகழ்ச்சிக்கு எடுக்க மாட்டோம் என்றால் அந்த விதியை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். பல நேரங்களில் விதி என்று ஒன்று இருக்காது, பழக்கம்தான் இருக்கும்.

அப்புறம் வகுப்பு. "ஆரம்பப் பிரிவு மாணவர்களுக்கு" என்று அறிவித்துவிட்டு நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கும், மேடையேறிப் பேசாது, படத்துக்கு நல்லா நிக்காது, அறிக்கைக்கு உதவாது. வாசிப்பு தேவைப்படுவதோ அந்தப் பிள்ளைக்குத்தான். இன்னொன்று, ஓகஸ்ட் என்றால் புலமைப்பரிசில் பரீட்சைச் சூடு. வாசிப்பு நிகழ்ச்சி என்று மண்டபத்தைத் திறந்து கடந்தகால வினாத்தாள் செய்விக்கிறார்கள். பொதுக் காசில் இலவச ரியூசன். பெற்றோருக்கும் அது பிடித்திருக்கிறது என்பதுதான் கரைச்சல். எந்த வகுப்புகள், எத்தனை மணி நேரம் கதைப் புத்தகம், யார் வாசித்துக் காட்டுவது என்பதைக் கடிதத்திலேயே எழுதிக் கேளுங்கள். ஓகஸ்டில் கச்சான் காற்று அனல் வீசும், பத்தரை பதினொரு மணிக்கு மேல் தகரக் கூரைக்குக் கீழே ஆறு வயதுப் பிள்ளை உட்காராது, ஆகவே காலையில் வைக்கச் சொல்லுங்கள்.

கிண்ணியா, மூதூர், புல்மோட்டைப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முஸ்லிம் பாடசாலைகளின் தவணை அட்டவணை வேறு, நீண்ட லீவு நோன்பை ஒட்டி வரும். சபை ஒரே திகதியைப் போட்டால் ஒரு பகுதிப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது நூலகத்தில் கதை நேரம் நடக்கும், பிறகு "அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை" என்று அறிக்கையில் எழுதுவார்கள். இரண்டு அட்டவணையையும் கடிதத்தோடு இணைத்துக் கொடுங்கள்.

பாடசாலையிலேயே நடத்துவதானால் கதை வேறு. தர உள்ளீட்டு நிதியில் புத்தகம் வாங்க முடியும், வெளியிலிருந்து வந்து கதை சொல்பவருக்குக் கொடுப்பனவு, பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி, பணிஸ் என்பதெல்லாம் அதில் வராது. அதிபர் "காசு இல்லை" என்றால் எந்தக் காசு என்று கேளுங்கள். லீவில் பாடசாலையைத் திறக்க வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி வேண்டும் என்பார், அது உண்மை. திருகோணமலை மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று ஐந்து வலயங்கள். உங்கள் பாடசாலை எந்த வலயம் என்பதைத் தெரிந்துகொண்டு பஸ் ஏறுங்கள், வெருகலில் இருந்து நகரத்துக்கு வந்து "இது எங்கட வலயமில்லை" என்று கேட்டுத் திரும்பினவர்கள் இருக்கிறார்கள். அனுமதிக் கடிதம் தவணை முடிய முன்பே கையில் இருக்க வேண்டும். தவணை முடிந்த பிறகு அதிபரும் லீவு, கையெழுத்துப் போட வேண்டியவரும் லீவு.

இனி, ஊரில் நீங்களே நடத்தப் போகிறீர்கள் என்றால். தனி ஆளுக்கு அரசாங்கம் காசு தராது, பதிவு செய்த அமைப்பு வேண்டும். புதிதாக ஒன்றைப் பதிய அலையாதீர்கள், ஊரில் சனசமூக நிலையமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ இருக்கும். ஆனால் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, வருடாந்தக் கூட்டம் நடந்து கூட்டக் குறிப்பு எழுதியிருக்கிறதா, கணக்கறிக்கை கொடுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லாவற்றையும்விட அதிகம் கவிழ்ப்பது வங்கிக் கணக்கு. புதுத் தலைவர், புதுப் பொருளாளர் வந்திருப்பார்கள், வங்கியில் இருப்பது பழைய ஆட்களின் கையெழுத்து, அதில் ஒருவர் கனடாவில். காசு கணக்குக்கு வந்தும் எடுக்க முடியாமல் டிசெம்பர் ஆகிவிடும். விண்ணப்பம் எழுத முன் வங்கிக்குப் போய் அதை மாற்றுங்கள்.

புத்தகம் வாங்க மூன்று விலைமனு கேட்பார்கள். நகரத்தில் சிறுவர் நூல் விற்கும் கடைகளே கொஞ்சம், ஆகவே புத்தகப் பெயர்ப்பட்டியலை நீங்களே எழுதி ஒரே பட்டியலை மூன்று கடைக்கும் கொடுங்கள், இல்லாவிட்டால் மூன்று கடையும் மூன்று விதமான புத்தகத்துக்கு விலை போட, ஒப்பிட முடியாது என்று கோப்பு திரும்பி வரும். "இப்போதைக்கு நீங்க போட்டுச் செய்யுங்கோ, பில்லைத் தந்தால் பிறகு எடுக்கலாம்" என்று யாராவது வாயால் சொன்னால் செய்யாதீர்கள். கைக்காசைப் போட்டு நடத்திவிட்டு அந்தப் பில்லோடு இன்றைக்கும் அலைகிறவர்களை எனக்குத் தெரியும். எழுத்தில் அங்கீகாரம் வராமல் ஒரு பென்சிலும் வாங்க வேண்டாம். தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்துப் போடவும் வேண்டாம், எவ்வளவு தெரிந்த ஆள் நீட்டினாலும். வராத பிள்ளையின் பெயரை வரவுத் தாளில் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், கணக்காய்வு வரும்போது அந்தத் தாளில் இருப்பது உங்கள் கையெழுத்து.

பெற்றோரிடம் ரீசேட்டுக்கு, தொப்பிக்கு, சான்றிதழ்ச் சட்டகத்துக்கு என்று காசு கேட்டால், ஒதுக்கீடு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். ரீசேட் போடாமலும் வாசிக்கலாம்.

"ஒக்டோபரில் வாசிப்பு மாதம் வருதுதானே, அதில் செய்வம்" என்பது மிக நாகரிகமான மறுப்பு. ஒக்டோபரில் நடப்பது பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பரிசளிப்பு. ஏற்கெனவே வாசிக்கிற பிள்ளைதான் அதில் வெல்லும்.

சரி, எங்கும் பதில் இல்லை, என்ன செய்வது? வாயால் சொன்ன "காசு இல்லை" ஒரு பதிலே இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கந்தோரின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, விண்ணப்பக் கட்டணம் இல்லை, படிவம் இல்லாவிட்டால் வெறும் கடிதமும் செல்லும், தமிழில் எழுதலாம். "ஏன் எங்கள் பிள்ளைகளைக் கவனிக்கவில்லை" என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை, அதற்குப் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: இந்த ஆண்டு நூலகத்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, அதில் சிறுவர் நிகழ்ச்சிகளுக்கு எவ்வளவு, இன்றுவரை செலவானது எவ்வளவு, எந்தத் திகதியில் எதற்கு. கையோடு கொடுத்தால் கிடைத்ததற்கான எழுத்து ஒப்புதலை வாங்காமல் வெளியே வராதீர்கள், அது உங்கள் உரிமை. 14 வேலை நாட்களுக்குள் தருவோம் அல்லது மாட்டோம் என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்குக் குறிக்கப்பட்ட அலுவலருக்கு எழுதலாம், அதற்கு மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டி வராது. கடிதம் கோப்பில் ஏறியதுமே தொலைபேசி வரும், "வாங்கோ கதைப்பம்" என்று. போங்கள், ஆனால் கதைத்து முடிந்ததும் கதைத்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். சபை விஷயம் என்றால் உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், அது போகிறது என்று கடிதத்தின் அடியில் தெரியும்படி எழுதுங்கள்.

போக முன் தொலைபேசி எடுத்து, உரிய உத்தியோகத்தர் எந்த நாளில் கந்தோரில் இருப்பார் என்று கேளுங்கள். "ஃபீல்டுக்குப் போயிட்டார்" என்ற பதிலைக் கேட்க ஈச்சிலம்பற்றில் இருந்து பஸ்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.