எழுத்துக்கூட்டல் எங்கே போகிறது?

ஒரு வாசகி எழுதியிருந்தார்: “என் மகள் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் கதை படிப்பாள். மற்ற நாளெல்லாம் புத்தகத்தைத் தொடமாட்டாள். கூட்டிப் பார்த்தால் நேரம் ஒன்றுதானே? தினமும் படித்தால்தான் பயன் என்று ஏன் சொல்கிறார்கள்? இன்னொன்று. என் அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. அறுபது வயதில் இப்போது எழுத்துப் படிக்க ஆசைப்படுகிறார். இந்த வயதில் மூளை அதற்கு வளைந்து கொடுக்குமா?”

இரண்டு கேள்விக்கும் விடை தேட ஒரே இடத்துக்குப் போக வேண்டும். இடது காதுக்குச் சற்றுப் பின்னால், மூளையின் அடிப்புறத்தில் ஒரு சிறு பகுதி. அதற்கு முன்னால் கண்ணை ஒரு பார்வை பார்த்துவிடுவோம்.

படிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவது போலத்தான் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது தத்தித் தத்திப் போகிறது. ஓரிடத்தில் ஏறக்குறைய கால் நொடி நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் ழவாலின் ஆய்வகத்தில் இதைக் கண்டறிந்தார்கள். ஒரு தாவலுக்கு 20 முதல் 40 மில்லி நொடிதான் ஆகும். அந்த நேரத்தில் மூளை பார்வையை அடக்கி வைப்பதால் எழுத்துகள் கலங்கி ஓடுவது நமக்குத் தெரிவதில்லை. ஏன் தாவ வேண்டும்? விழித்திரையில் நுணுக்கமாகப் பார்க்கக்கூடிய நடுக்குழி அவ்வளவு சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். உலகத்தில் அந்த அகலம் மட்டுமே நமக்கு ஒரு சமயத்தில் கூர்மையாகத் தெரிகிறது. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ போன்ற நீண்ட சொல் வந்தால் கண் அதன்மேல் ஒருமுறைக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும்.

1975இல் ஜார்ஜ் மெக்கான்கியும் கீத் ரேனரும் ஓர் அழகான சோதனையை வெளியிட்டார்கள். கண் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகளை மட்டும் விட்டுவிட்டு, மீதி வரியைக் கணினி சிதைத்துவிடும். கண் தாவினால் அந்தச் சன்னலும் கூடவே தாவும். சன்னல் போதிய அகலம் இருந்தால், சுற்றிலும் எழுத்து சிதைந்து கிடந்தாலும் வாசிப்பு வேகம் குறைவதில்லை. இந்த வகைச் சோதனைகளின்படி, ஆங்கிலம் படிப்பவர் ஒரு நிறுத்தத்தில் இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்தும், வலப்பக்கம் 14, 15 எழுத்தும் வரை ஏதோவொரு தகவலைப் பிடிக்கிறார். வலமிருந்து இடமாக எழுதும் ஹீப்ரு படிப்பவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். விழித்திரை எல்லோருக்கும் ஒன்றுதான். எந்தப் பக்கம் கவனத்தை வைப்பது என்பதை மட்டும் படித்துப் படித்துக் கற்றிருக்கிறார்கள்.

கண் கொண்டுவந்து கொடுத்ததை யார் படிக்கிறார்கள்?

1887இல் பாரிஸில் ஒரு முதியவருக்குத் திடீரென்று படிக்க முடியாமல் போனது. பார்வை இருந்தது. பேச்சு தெளிவாக இருந்தது. சரளமாக எழுதவும் செய்தார். ஆனால் தன் கையால் எழுதியதையே அவரால் படிக்க முடியவில்லை. எண்களை அடையாளம் கண்டுகொண்டார். எழுத்து மட்டும் வெறும் கோடாகிவிட்டது. ஓர் எழுத்தின் வடிவத்தின்மேல் கையை ஓட்டினால் அதன் பெயரைச் சொல்லிவிடுவார். கண்ணால் மட்டும் பார்த்தால் முடியாது. நரம்பியல் மருத்துவர் ஜூல் டெஜெரின் அவரைப் பல ஆண்டுகள் கவனித்து, அவர் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்து, இடது பின்பகுதியில் இருந்த சேதத்தை 1892இல் விவரித்தார். நூறாண்டுக்கும் மேல் கழித்து, மூளை இயங்குவதைப் படம்பிடிக்கும் கருவிகள் வந்த பிறகு, லோரான் கோஹனும் ஸ்டானிஸ்லாஸ் டெஹேனும் அந்தப் பக்கத்தில் எழுத்துக்கென்றே விழித்துக்கொள்ளும் பகுதியைத் தெளிவாக அடையாளம் காட்டினார்கள். சீனம் படித்தாலும் ஹீப்ரு படித்தாலும் ஏறக்குறைய அதே இடம். ‘எழுத்துப் பெட்டி’ என்று டெஹேன் அதற்குச் செல்லப்பெயர் வைத்தார்.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டுகள் சொச்சம்தான் ஆகிறது. அதிலும் பெரும்பாலான காலம் மிகச் சிலரே படித்தார்கள். படிப்பதற்கென்று ஓர் உறுப்பு பரிணமிக்க இந்தக் காலம் போதாது. அப்படியானால் பிறக்கும்போதே எழுத்துப் பெட்டி எப்படி வந்தது?

வரவில்லை. அது முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதிகளுக்கு நடுவில் இருக்கும் இடம். கோடுகள் எங்கே சந்திக்கின்றன, எங்கே வளைகின்றன என்று பார்த்துப் பொருளை இன்னதென்று சொல்வது அந்த வட்டாரத்தின் பழைய தொழில். வாசிப்பு அங்கே குடியேறி, அந்தத் திறமையை எழுத்துக்குத் திருப்பிக்கொள்கிறது. ‘நியூரான் மறுபயன்பாடு’ என்பது டெஹேன் இதற்கு வைத்த பெயர்.

பழைய தொழிலின் தடயம் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த விஷயம் இது. காட்டில் புலி இடப்பக்கம் திரும்பி நின்றாலும் வலப்பக்கம் திரும்பி நின்றாலும் புலிதான். ஆகவே நம் பார்வை, ஒரு பொருளையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். குழந்தைகள் எழுத்தைத் திருப்பிப் போடுவது மந்தபுத்தியால் வருவதன்று. புலியைச் சரியாக அடையாளம் காணும் மூளைதான் அப்படிச் செய்கிறது. ஆங்கிலத்தின் சிறிய ‘b’யும் ‘d’யும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். அவற்றைப் பிரித்தறிய, குழந்தை அந்தப் பழைய வழக்கத்தை எழுத்தைப் பொறுத்த மட்டில் விட்டாக வேண்டும். தமிழில் அப்படி ஒன்றையொன்று புரட்டிப்போட்ட எழுத்து இணை கிடையாது. அதனால் வித்தியாசம் உண்டா என்று எரிக் பெடர்சன் சோதித்து 2003இல் வெளியிட்டார். உருவத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் பிரித்தறிவதில், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் எழுத்தே தெரியாதவர்களைப் போலத்தான் இருந்தார்கள். ரோமன் எழுத்தும் சேர்த்துத் தெரிந்தவர்கள் முந்தினார்கள். எந்த எழுத்தைப் படிக்கிறோமோ, அதன் தேவைக்கேற்பப் பார்வையே செதுக்கப்படுகிறது!

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

ஒரு சிறுமி ‘திமிங்கிலம்’ என்ற சொல்லை முதன்முதலாக அச்சில் பார்க்கிறாள் என்று வையுங்கள். தி… மி… ங்… கி… என்று கூட்டுகிறாள். கூட்டிய ஒலி காதில் விழுந்ததும், ஏற்கெனவே கேட்டிருந்த சொல் சட்டென்று பிடிபடுகிறது. அந்த நொடியில் எழுத்தின் வடிவமும், ஒலியும், கடலில் மிதக்கும் அந்தப் பேருருவமும் மூளையில் ஒன்றாக விழித்திருக்கின்றன. ஒன்றாக இயங்கும் நியூரான்களுக்கிடையே இணைப்பு வலுப்படும். அடுத்த முறை அதே சொல் வரும்போது கூட்டல் கொஞ்சம் குறையும். சில முறைக்குப் பிறகு கூட்ட வேண்டியதே இல்லை. பார்த்ததும் திமிங்கிலம் நீந்தி வந்துவிடும்.

இதில் ஆசிரியர் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எழுத்துக்கூட்டிப் படித்த ஒவ்வொரு சொல்லும் தன்னைத் தானே கற்பித்துவிட்டுப் போகிறது. டேவிட் ஷேர் 1995இல் இதைத் ‘தற்கற்பித்தல்’ கருதுகோளாக விரித்து எழுதினார். பிறகு சோதித்தும் காட்டினார். சின்னக் கதைகளில் இட்டுக்கட்டிய பெயர்களைப் புகுத்தி இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஒரே ஒலி வரும்படி வேறு விதமாக எழுதிய போலிகளைக் கலந்து சில நாள் கழித்துக் காட்டினால், பிள்ளைகள் கதையில் பார்த்த சரியான எழுத்தையே பெரும்பாலும் எடுத்தார்கள். ஒரு கதையில் அந்தப் பெயர் வந்தது நான்கோ ஆறோ முறைதான்.

இப்படிக் கூட்டல் மறைந்துவிட்ட பிறகு வாசிப்பை நிறுத்தவே முடியாது. ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும். 1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் இதை அளந்து காட்டினார். படிக்காதே என்று கட்டளையிட்டாலும் மூளை படித்துவிடுகிறது. கூட்டுவதில் செலவான கவனம் இனிக் கதையில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று யோசிக்க மிச்சமாகிறது. வாசிப்புப் பழக்கத்தின் பலன்கள் என்று அடுக்கப்படுவதில் பெரும்பகுதி இந்த மிச்சத்திலிருந்து வருவதுதான் என்பது என் கருத்து.

இந்த மிச்சம் சேர இரண்டு வேண்டும். ஒன்று, மறப்பதற்குள் அதே சொல்லை மறுபடி சந்திப்பது. மொத்தமாக ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளிவிட்டுத் திரும்பப் படிப்பது நன்றாகப் பதியும் என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே எழுதிவிட்டார். உளவியலில் இவ்வளவு உறுதியாக நிற்கும் கண்டுபிடிப்புகள் குறைவு. இரண்டாவது, தூக்கம். 2007இல் நிக்கோலா டுமேயும் கேரத் காஸ்கெலும் பங்கேற்பாளர்களுக்குப் புதுச் சொற்களைக் காதால் கேட்கவைத்துக் கற்பித்தார்கள். அவை பழைய சொற்களோடு போட்டியிடும் அளவுக்கு மூளையின் அகராதியில் இடம்பிடித்தது ஒரு தூக்கத்துக்குப் பிறகே. அதே 12 மணி நேரம் விழித்தே கழித்தவர்களிடம் அது நடக்கவில்லை.

இப்போது கணக்குப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்துக்கு அன்று ஓர் இரவு. அதையே நாளுக்கு ஏறக்குறைய 25 நிமிடமாகப் பிரித்தால் ஏழு இரவு. நேரம் ஒன்றுதான், படித்ததைப் பதித்துக்கொடுக்கும் இரவுகள் ஒன்றல்ல.

சொல்வளம் பற்றி ஒரு தகவலைச் சேர்க்கிறேன், அது பலருக்கு வியப்பளிக்கும். ஹேய்ஸ், அஹ்ரென்ஸ் இருவரும் 1988இல் ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தார்கள். பட்டதாரிகள் நண்பர்களோடு பேசும் பேச்சில் ஆயிரம் சொல்லுக்கு 17 அரிய சொற்கள். பெரியவர்களுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் 23 அளவில். சிறுவர் நூல்களிலோ 31! கதையைக் காணொளியாகப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த எண்களைத்தான். தெரியாத சொல் ஒன்றைப் படிக்கும்போது அதன் பொருளைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு சராசரியாக 15 விழுக்காடு என்று 1999இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. சிறிய எண்தான். ஆனால் ஆங்கிலத்தில் பெரியவர்கள் மௌனமாகப் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல். நாளுக்கு 25 நிமிடம் என்றால் ஆண்டுக்கு 20 லட்சம் சொல்லைத் தாண்டுகிறது. அவ்வளவு பெரிய வலையில் 15 விழுக்காடு சிறியதன்று.

ஆயுள் கூடுமா என்றும் கேட்கிறார்கள். 2016இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 3,635 அமெரிக்க முதியவர்களின் பன்னிரண்டு ஆண்டுத் தரவை அலசி, புத்தகம் படிப்பவர்களுக்கு இறப்பு அபாயம் 20 விழுக்காடு குறைவாக இருந்ததாகச் சொன்னார்கள். படிப்பு, சொத்து, உடல்நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் சொன்னார்கள். ஆனாலும் இது கவனித்துச் சொன்ன தொடர்பு. படித்ததால்தான் வாழ்ந்தார்கள் என்று இதைக்கொண்டு நான் எழுதமாட்டேன். உறுதியாகச் சொல்ல, சிலரைப் படிக்கவைத்துச் சிலரை அப்படியே விட்டு, ஆயிரக்கணக்கானவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து ஒப்பிடும் சோதனைகள் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும், பொறுமை வேண்டும். இருக்கும் வாசிப்பு ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தைப் பற்றியவை. உயிரும் மெய்யும் ஒரே வடிவில் பின்னிக்கிடக்கும் எழுத்துமுறைகளைக் கோடிக்கணக்கானவர்கள் படிக்கிறார்கள்; அவர்களுடைய கண்ணும் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கக் கிடைக்கும் நிதி போதவே போதாது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அந்த வருத்தத்தோடு கோபமும் உண்டு. ‘நடுமூளையைத் தூண்டுகிறோம், பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும்’ என்று சொல்லிப் பெற்றோரிடம் பணம் பறிக்கும் வகுப்புகள் பல நாடுகளில் நடக்கின்றன. மேலே சொன்ன வழி முழுவதும் விழித்திரையில் ஒளி விழுவதிலிருந்து தொடங்குகிறது. ஒளி விழாமல் அச்செழுத்தைப் படிக்க வேறு பாதை இல்லை. கட்டிய துணிக்கும் மூக்குக்கும் நடுவே இடைவெளி இருக்கும். பிள்ளை அதன் வழியே எட்டிப் பார்க்கிறது, பிறகு உண்மையைச் சொல்லப் பயப்படுகிறது. அந்தப் பணத்தில் எத்தனை கதைப் புத்தகம் வாங்கலாம்!

பழக்கமாவதற்கு 21 நாள் போதும் என்பதும் நிரூபணம் இல்லாத பேச்சு. 2010இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், 96 பேர் ஒரு புதுச் செயலை அன்றாடம் செய்து பார்த்தார்கள். அது தானாக நடக்கும் நிலைக்கு வர ஆள் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுமதிப்பு 66 நாள். ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே அம்மா, உங்கள் மகள் ஒரு புதன்கிழமை படிக்காமல் தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம். வியாழக்கிழமை அதே நேரத்தில் புத்தகம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் போதும்.

உங்கள் அப்பாவுக்கு நல்ல செய்தி. டெஹேன் குழு 2010இல் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 63 பேரின் மூளையை ஒப்பிட்டது. அவர்களில் எழுத்தறியாதவர்களும், சிறுவயதிலேயே படித்தவர்களும், வளர்ந்த பிறகு எழுத்துக் கற்றவர்களும் இருந்தார்கள். வளர்ந்த பிறகு கற்றவர்களிடமும் எழுத்துப் பெட்டி எழுத்துக்கு விழித்துக்கொண்டது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் எழுத்தறியாதிருந்த பெரியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி கற்பித்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. சராசரியாக முப்பது வயதைக் கடந்தவர்கள். பார்வைப் பகுதிகளுக்கும் மூளையின் ஆழத்தில் உள்ள சில மையங்களுக்கும் இடையிலான தொடர்பு அவர்களிடம் வலுப்பெற்றிருந்தது. அந்த மையங்களில் ஒன்று, கண்ணை அடுத்து எங்கே தாவவைப்பது என்று வழிநடத்துவது.

அறுபதில் அது முப்பதைவிட மெதுவாக நடக்கலாம். முதல் சில மாதம் அவர் எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு, வாய்விட்டுக் கூட்டித்தான் படிப்பார். விரலை எடுக்கச் சொல்லாதீர்கள். கண் தாவப் பழகும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.