நீளமான ஹேண்ட்கார்டில் ஐயன் சைட்: வாங்குவதற்கு முன் ஹேண்ட்கார்டைப் பாருங்கள்

எந்த ஐயன் சைட் (லென்ஸ் இல்லாமல், பின்சைட்டையும் முன்சைட்டையும் ஒரே கோட்டில் வைத்துக் குறி பார்க்கும் அமைப்பு) வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, உங்கள் ஹேண்ட்கார்டு (துப்பாக்கிக் குழலான பேரலைச் சுற்றி, முன்னால் கை பிடிக்கும் குழாய்) ரிசீவரோடு (ரைஃபிளின் நடு உடல்) எப்படிப் பிடித்திருக்கிறது என்பதுதான். பலருக்கு இது சம்பந்தமில்லாத கேள்வியாகத் தெரிகிறது. ஆனால் "ஸீரோ (குறி பார்த்த இடத்திலேயே குண்டு படும்படி சைட்டைச் சரிசெய்த நிலை) நிற்கவே மாட்டேன் என்கிறது, சைட் சரியில்லை" என்ற புகாரோடு என் மேசைக்கு வரும் ரைஃபிள்களைக் கழற்றிப் பார்த்தால், பெரும்பாலும் சைட் ஒழுங்காகத்தான் இருக்கிறது, அது உட்கார்ந்திருக்கும் குழாய்தான் அசைகிறது. முன்சைட்டை ஹேண்ட்கார்டின் மேல் வைத்துவிட்டால் ஹேண்ட்கார்டும் சைட்டின் ஒரு பாகம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு வாங்கினால் பணமும் மிச்சம், தோட்டாவும் மிச்சம்.

எதையும் தொடுவதற்கு முன், மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டைத் திறந்து நிறுத்துங்கள், சேம்பர் (தோட்டா உட்காரும் குழி) காலி என்பதைக் கண்ணால் பார்த்து விரலாலும் தடவி உறுதி செய்யுங்கள். வேலை நடக்கும் அறையிலேயே தோட்டா இருக்கக் கூடாது. உங்கள் உரிமத்திலும் சட்டத்திலும் எந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டு என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஏ.ஆர்.15 வகை ரைஃபிள்களின் பழைய அமைப்பில், முக்கோண வடிவ முன்சைட் பேரலோடு சேர்த்துச் சிறு ஆணி (பின்) அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். பேரலும் சைட்டும் ஒன்றாகவே நகரும் என்பதால் இரண்டுக்கும் நடுவே சந்தேகத்துக்கு இடமில்லை. இன்றைய ஃப்ரீ ஃப்ளோட் ஹேண்ட்கார்டு அப்படி இல்லை. அது பேரலைத் தொடுவதே இல்லை, ரிசீவர் பக்கத்தில், பேரலை ரிசீவரோடு இறுக்கும் பேரல் நட்டை மட்டும் பிடித்துக்கொண்டு 13 அங்குலமோ 15 அங்குலமோ முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பைபாடின் (முன்னால் ஊன்றும் இரட்டைக் கால்) அழுத்தமும் ஸ்லிங் (தோள்வார்) இழுப்பும் பேரலுக்குப் போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ரிசீவரின் மேல் ஸ்கோப் வைத்துச் சுடுகிறவருக்கு இது முழு லாபம். முன்சைட்டை ஹேண்ட்கார்டு நுனியில் வைத்துச் சுடுகிறவருக்கோ, பேரலுக்குப் போகாத அந்த அழுத்தமெல்லாம் சைட்டுக்குப் போய்ச் சேர்கிறது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்சைட்டுக்கும் முன்சைட்டுக்கும் இடையே 500 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்சைட் 0.1 மி.மீ. நகர்ந்தால், அதாவது ஒரு வெள்ளைத்தாளின் தடிமன் அளவு, 100 மீட்டரில் குண்டு 2 செ.மீ. தள்ளிப் படும். 0.3 மி.மீ. என்றால் 6 செ.மீ. ஸ்லிங்கை நுனியில் மாட்டிக் கையில் சுற்றி இறுக்கினால், மெல்லிய ஹேண்ட்கார்டு அந்த அளவுக்கு வளைவது ஒன்றும் அதிசயமில்லை. ஒரு முனை மட்டும் பிடித்திருக்கும் எந்தக் குழாயிலும் நுனியில் விழும் அதே பாரத்துக்கான வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. அதனால்தான் எடை குறைவு என்று விளம்பரம் செய்கிற மெல்லிய 15 அங்குல ஹேண்ட்கார்டின் ரெயிலில் (சைட் மாட்டும் பள்ளங்கள் கொண்ட மேல்பட்டை) கடைசிப் பள்ளத்தில் முன்சைட்டை வைக்கச் சொன்னால் நான் தயங்குவேன்.

வளைவைவிட மோசமானது திருகல். பேரல் துளையின் நடுக்கோட்டிலிருந்து முன்சைட்டின் நுனி ஏறக்குறைய 66 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. ஹேண்ட்கார்டு ஒரே ஒரு டிகிரி வலப்பக்கம் திரும்பியிருந்தால் அந்த நுனி 1.15 மி.மீ. வலது பக்கம் போய்விடும், 100 மீட்டரில் குண்டு சுமார் 23 செ.மீ. இடது பக்கம் படும். ஒரு டிகிரியைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கவே முடியாது. இதற்கு வழக்கமான அடையாளம், பின்சைட்டின் பக்கவாட்டுத் திருகை ஒரு ஓரம் வரை தள்ளினால்தான் ஸீரோ கிடைக்கும் என்ற நிலை. அப்படி வந்தால் சைட்டைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள், முதலில் ஹேண்ட்கார்டைத் தளர்த்தி நேராக வைத்துப் பாருங்கள்.

ஆகவே ஹேண்ட்கார்டு வாங்கும்போது நான் பார்ப்பது, திருகாமல் இருக்க ரிசீவரின் இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் காது போன்ற நீட்டல்கள் இருக்கின்றனவா, பேரல் நட்டை அது எவ்வளவு நீளத்துக்குப் பிடிக்கிறது, எத்தனை திருகுகளால் இறுகுகிறது. நட்டின் மேல் ஒரு அங்குலம் மட்டும் ஏறி இரண்டு சின்னத் திருகுகளில் நிற்கும் வடிவங்கள் ஸ்கோப்புக்குப் போதும், ஐயன் சைட்டுக்குப் போதாது என்பது என் கருத்து.

மாட்டும்போது அவசரம் வேண்டாம். நட்டின் வெளிப்பரப்பிலும் திருகுகளிலும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிடுங்கள். நேரான ஒரு இரும்பு அளவுகோலை ரிசீவர் ரெயில் மேலும் ஹேண்ட்கார்டு ரெயில் மேலும் சேர்த்துப் படுக்க வைத்து, படி விழுகிறதா, சாய்கிறதா என்று பாருங்கள். பிறகு திருகுகளை ஒன்று மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள். கை பலத்தால் இறுக்கி "இது போதும்" என்று முடிவு செய்வதில்தான் முக்கால்வாசிக் கோளாறு ஆரம்பிக்கிறது. திருகு தளராமல் இருக்க நடுத்தர வலுவுள்ள நீல நிறத் த்ரெட்லாக்கர் ஒரு துளி போதும், தயாரிப்பாளர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். சிவப்பு வேண்டாம், நாளைக்குக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும். எல்லாம் முடிந்ததும் திருகுத் தலையிலும், ஹேண்ட்கார்டும் ரிசீவரும் சேரும் இடத்திலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் எது நகர்ந்தது என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

இப்போது சைட்டைத் தேர்ந்தெடுக்கலாம். முன்சைட்டில் இரண்டு உயரம் உண்டு, இதைக் கவனிக்காமல் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். கேஸ் பிளாக்கின் (பேரலிலிருந்து வாயுவைத் திருப்பிவிடும் கட்டை) மேல் இருக்கும் ரெயில் ரிசீவர் ரெயிலைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கும், அதை ஈடுகட்ட அதற்கான சைட் உயரமாகச் செய்யப்படுகிறது. நீளமான ஹேண்ட்கார்டின் ரெயில் ரிசீவருக்குச் சமமான மட்டத்தில் ஓடுவதால் அதற்கு ரெயில் உயர சைட்தான் பொருந்தும். உயரமானதைக் கொண்டுவந்து ஹேண்ட்கார்டில் வைத்தால், நடுவில் குச்சிபோல் நிற்கும் போஸ்ட்டை அடிவரை இறக்கினாலும் குண்டு கீழேயே படும். முன்சைட்டைப் பொறுத்தவரை எல்லாமே தலைகீழ், போஸ்ட்டை உயர்த்தினால் குண்டு இறங்கும், இறக்கினால் குண்டு ஏறும். எவ்வளவு இறக்க வேண்டும் என்பதற்கு, குண்டு விலகிய அளவை சைட் இடைவெளியால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுத்துவிடுங்கள். 100 மீட்டரில் 12 செ.மீ. கீழே படுகிறது, இடைவெளி 500 மி.மீ. என்றால் 0.6 மி.மீ. இறக்க வேண்டும். ஏ2 வகை போஸ்ட் ஒரு முழுச் சுற்றுக்கு 0.7 மி.மீ. நகரும், கால் சுற்றுக்கு ஒரு கிளிக். ஆக மூன்று அல்லது நான்கு கிளிக்.

எங்கே வைப்பது? முன்னால் தள்ளத் தள்ள, கண்ணும் கையும் செய்யும் தவறு சிறிதாகும். கார்பைன் அளவில் சைட் இடைவெளி ஏறக்குறைய 370 மி.மீ., நீளமான ஹேண்ட்கார்டில் 500ஐத் தொடலாம். 0.2 மி.மீ. பிசகினால் முதலாவதில் 100 மீட்டரில் 5.4 செ.மீ. விலகும், இரண்டாவதில் 4 செ.மீ. போஸ்ட்டும் மெலிதாகத் தெரியும், முன்பு இலக்கில் சுமார் 40 செ.மீ. மறைத்தது இப்போது 30க்குச் சற்று மேல்தான் மறைக்கும். லாபம் உண்மையானதுதான், ஆனால் நுனியின் வளைவு அதைத் தின்றுவிடக் கூடாது. நான் செய்வது, கடைசிப் பள்ளத்தை விட்டு இரண்டு மூன்று பள்ளம் பின்னால் வைத்து, ஸ்லிங் மாட்டும் இடத்தை ரிசீவர் பக்கம் நகர்த்திவிடுவது. பள்ளத்தில் உட்கார வைக்கும்போது சைட்டை முன்பக்கம் அழுத்திக்கொண்டு இறுக்குங்கள். பின்சைட் எப்போதும் ரிசீவரின் மேல்தான், முடிந்தவரை பின்னால். எந்தச் சாதனத்தையும் ரிசீவருக்கும் ஹேண்ட்கார்டுக்கும் பாலம் போடுவதுபோல் இரண்டையும் சேர்த்து மாட்டாதீர்கள்.

மடக்கும் சைட் என்றால், நிமிர்த்திய நிலையில் விரலால் ஆட்டிப் பாருங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் இதுவரை சொன்ன கணக்கெல்லாம் அங்கேயும் பொருந்தும். பிளாஸ்டிக் சைட்டுகள் ஹேண்ட்கார்டில் நன்றாகவே வேலை செய்கின்றன, கேஸ் பிளாக்கின் சூட்டில் மட்டும் வைக்கக் கூடாது. பின்சைட்டில் சிறிய துளை சுமார் 1.8 மி.மீ., பெரியது 5 மி.மீ. குறி பார்த்து ஸீரோ செய்யச் சிறியது, மங்கிய வெளிச்சத்துக்குப் பெரியது. உருப்பெருக்கும் ஸ்கோப் ஏற்கெனவே மேலே இருக்கிறவர்களுக்கு 45 டிகிரி சாய்வில் பொருத்தும் சைட் உண்டு. ஹேண்ட்கார்டு அசைந்தால் அதுவும் அசையும்.

சுடுவதற்கு முன்பே அசைவைக் கண்டுபிடிக்கலாம். காலி ரைஃபிளின் ரிசீவரை உறுதியாகப் பிடித்து நிறுத்தி, பேரல் வாயில் லேசர் போர்சைட்டரை (பேரல் துளையின் திசையை லேசர் புள்ளியால் காட்டும் கருவி) வைத்து, அதன் புள்ளி சைட்டின் நேர்கோட்டில் வரும்படி செய்யுங்கள். ஒருவர் சைட் வழியே பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் பக்கத்தில் நின்று ஹேண்ட்கார்டு நுனியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அழுத்தட்டும். யாரும் பேரல் வாய்க்கு முன்னால் வரக் கூடாது, காலி என்றாலும்தான். புள்ளி எவ்வளவு விலகுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முடிந்ததும் போர்சைட்டரை மறக்காமல் எடுத்துவிடுங்கள், அது உள்ளே இருக்கும்போது சுட்டால் பேரலே வெடிக்கலாம்.

அப்புறம் ரேஞ்சில், பின்சைட்டை நடுவில் வைத்து 25 மீட்டரில் தொடங்கி, நீங்கள் உண்மையில் சுடும் தூரத்தில் உறுதி செய்யுங்கள். மணல் மூட்டையில் ஸ்லிங் தளர்வாக ஐந்து, அதையே இறுக்கி ஐந்து, பேரல் நன்றாகச் சூடேறிய பிறகு ஐந்து என மூன்று தாளில் சுட்டு ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். மூன்று கூட்டமும் ஒரே இடத்தில் விழுந்தால் உங்கள் ஹேண்ட்கார்டு ஐயன் சைட்டைத் தாங்கும். ஸ்லிங் தாள் மட்டும் விலகினால் ஸ்லிங்கின் இடத்தை மாற்றுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் முன்சைட்டை இன்னும் பின்னால் கொண்டுவாருங்கள், அல்லது பேரலோடு ஆணி அடித்த சைட்டுக்கே போய்விடுங்கள். சுத்தம் செய்வதற்காக ஹேண்ட்கார்டை ஒருமுறை கழற்றினாலும் பழைய ஸீரோ போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு, மறுபடி 25 மீட்டரிலிருந்து ஆரம்பியுங்கள்.