முழங்காலில் பாரம் சுமப்பது யார்?

ஆரோக்கியமான முழங்காலில் இருக்கும் மூட்டுத் திரவம் சில மில்லிலிட்டர்தான், ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. நடக்கும்போது அந்த மூட்டில் இறங்கும் பாரமோ உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு. இருந்தும், எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புகளுக்கு இடையே உராய்வுக் குணகம் (உராய்வு எவ்வளவு என்று காட்டும் எண்) 0.01-ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் இருக்கிறது. டெஃப்லான் மேல் டெஃப்லானைத் தேய்த்தால்கூட சுமார் 0.04 வரும்.

சரி, அந்தக் கொஞ்சூண்டு திரவமா இதைச் செய்கிறது? நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். சுழலும் பேரிங்குக்குள் எண்ணெய்ப் படலம் தானே அழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டு பாரத்தைத் தூக்கிப் பிடிக்கிறது என்று 1886-ல் பொறியியலாளர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார், 1932-ல் உடற்கூறியல் அறிஞர் மெக்கோனெய்ல் அதையே மூட்டுக்கும் பொருத்தினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேரிங் ஒரே திசையில் வேகமாகச் சுற்றுவது. முழங்கால் மெதுவாக முன்னும் பின்னும் போய்வருவது, ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் ஒரு கணம் நின்றே விடுகிறது, அப்புறம் நாம் அசையாமல் நிற்கும் நேரம் வேறு இருக்கிறது. அப்போதெல்லாம் படலம் எப்படித் தங்கும்? இடுப்பு மூட்டு மாற்று அறுவையின் முன்னோடி ஜான் சார்ன்லி இந்தப் படலக் கதையை ஏற்கவில்லை. குருத்தெலும்பின் மேற்பரப்பே வழுக்கலானது என்பது அவர் கட்சி. அதே போக்கில் செயற்கை மூட்டின் கிண்ணத்தை டெஃப்லானில் செய்தார். சில ஆண்டுகளிலேயே அவை மோசமாகத் தேய்ந்துபோக, 1962-ல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். வழுக்கினால் தேயாது என்று சொல்லிவிட முடியாது போலிருக்கிறது.

1959-ல் மெக்கச்சன் என்பவர் குருத்தெலும்பின் உள்ளே பார்க்கச் சொன்னார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். குருத்தெலும்பில் சுமார் 70 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர். கொலாஜன் இழைகள் ஒரு வலையாகப் பின்னிக் கிடக்க, நடுவே எதிர்மின்னூட்டம் கொண்ட புரோட்டியோகிளைக்கான் மூலக்கூறுகள் தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு உப்பப் பார்க்கின்றன, வலை அவற்றை உப்பவிடாமல் பிடித்திருக்கிறது. தண்ணீர் குடித்த ஸ்பாஞ்சு மாதிரிதான், ஆனால் இதன் துளைகள் நானோமீட்டர் கணக்கு. மேலே பாரம் விழுந்ததும் தண்ணீர் ஓடப் பார்க்கும், வழி கிடைக்காது, அழுத்தம் ஏறும், கடைசியில் அந்தத் தண்ணீரே பாரத்தைச் சுமக்கும். தொடக்கத்தில் பாரத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் அதன் தலையில்தான். திடப்பொருளும் திடப்பொருளும் ஒன்றையொன்று அழுத்துவது மிச்சமிருக்கும் கொஞ்சத்துக்கு மட்டும் என்பதால் உராய்வும் அவ்வளவே.

இதைச் சோதிப்பதும் எளிது. ஆய்வகத்தில் குருத்தெலும்புத் துண்டை விடாமல் அழுத்திப் பிடித்தபடி தேய்த்தால், தண்ணீர் மெல்ல மெல்லக் கசியக் கசிய உராய்வு பல மடங்கு ஏறிவிடுகிறது. நடக்கும்போது இப்படி ஆகாததற்குக் காரணம், அழுத்தம் ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருப்பது; விடுபட்ட இடம் மறுபடி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதுமட்டுமல்ல, பரப்புகள் சறுக்கும் வேகமே தண்ணீரை உள்ளே தள்ளுகிறது என்பதை டெலவர் பல்கலைக்கழகத்தில் டேவிட் பரிஸ் குழுவினர் காட்டினார்கள்.

அப்படியானால் மூட்டுத் திரவத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. அதிலுள்ள லூப்ரிசின் என்ற புரதம், ஹையலுரானிக் அமிலம், பாஸ்போலிப்பிட்டுகள் என்ற கொழுப்பு மூலக்கூறுகள் எல்லாம் மேற்பரப்பில் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. பாஸ்போலிப்பிட்டின் தலைப்பகுதி தண்ணீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்து வைத்திருக்கும். விலகிப்போகாத, ஆனால் எளிதில் சறுக்கும் உறை அது என்கிறார் உராய்வை ஆராயும் விஞ்ஞானி ஜேக்கப் கிளைன். லூப்ரிசினுக்கான மரபணு பழுதானால் குழந்தைப் பருவத்திலேயே மூட்டுகள் கெடுகின்றன என்பதால் இதை அலட்சியப்படுத்த முடியாது.

மூட்டுத் தேய்மானத்தில் கெடுவது பெரும்பாலும் அந்த வலை. இழைகள் பிய்ந்தால் தண்ணீருக்கு வழி திறந்துவிடும், பாரம் சட்டென்று திடப்பகுதியில் இறங்கும், அது இன்னும் பிய்க்கும். குருத்தெலும்பில் நரம்பு கிடையாது, அதனால் இதெல்லாம் நடக்கும்போது அங்கிருந்து வலி எழுவதில்லை. ரத்தக் குழாயும் கிடையாது, அதனால் தானாக ஆறுவதும் அரிது. முழங்காலில் போடும் ஹையலுரானிக் அமில ஊசியால் சிலருக்கு வலி குறைகிறது, ஆய்வு முடிவுகள்தான் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அது போய்ச் சேர்வது மூட்டுத் திரவத்தில். பிய்ந்த வலையை அது பின்னித் தராது.