பிரிக்காத மாத்திரை அட்டை

பெரியம்மா வீட்டு அடுப்படியில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் மூன்று மாதமாக ஒரு மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தது. அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரத்துக்கு ஒன்று. பெரியம்மாவுக்கு வயது 67. போன வருடம் குளியலறை வாசலில் இடறி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், ஆரோக்கியமான இளவயதினரோடு ஒப்பிட்டுத் தரும் டி-ஸ்கோர் மைனஸ் 2.9 என்று வந்தது. மைனஸ் 2.5-க்குக் கீழே போனாலே எலும்புப்புரைதான், அதாவது எலும்பு மெலிந்து சுலபமாக முறியும் நோய்.

மாத்திரையைத் தொடாததற்குக் காரணம், பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாள். மருமகள் அதை வாசித்துக் காட்டியிருக்கிறார். தாடை எலும்பு கெடலாம், தொடை எலும்பு முறியலாம் என்று அதில் இருந்தது. "எலும்பு உடையாம இருக்கத்தானே மாத்திரை? அதை முழுங்கினா தொடை உடையும்னு அவனே எழுதியிருக்கானே!" என்றார் பெரியம்மா.

நியாயமான கேள்வி. எலும்பைக் கல் போல நினைப்பதால்தான் இது புதிராகத் தெரிகிறது. உண்மையில் எலும்பு, ஒரு பக்கம் இடித்துக்கொண்டே மறுபக்கம் கட்டிக்கொண்டிருக்கும் வீடு. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் அமிலம் சுரந்து பழைய எலும்பைக் கரைத்துக் குழி பறிக்கும். அதற்குச் சில வாரங்கள் போதும். பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் வந்து குழியை நிரப்பும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். நம் எலும்பில் வருடத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுசாகிறது. அன்றாடம் விழும் நுண்ணிய விரிசல்களும் இந்த வழியில்தான் சரியாகின்றன. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் இடிக்கிற கூட்டத்தை அடக்க ஆளில்லை. கட்டுகிறவர்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

அலெண்ட்ரோனேட் பிஸ்பாஸ்பொனேட் வகை மருந்து. கால்சியத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். எலும்பின் மேல் படிந்து காத்திருக்கும். இடிக்கிற செல் எலும்பைக் கரைக்கும்போது மருந்தும் அதற்குள் போய், அது உயிர்வாழத் தேவையான ஒரு நொதியை முடக்கிவிடும். இடிப்பு குறைகிறது.

இந்த ஒட்டும் குணத்தால்தான் காலை காபிக்குத் தடை. முழுங்கும் மருந்தில் ரத்தத்துக்குள் போவதே நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கூடவே காபி குடித்தால் அதிலும் பாதிக்கு மேல் வீண். எனவே எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையப் பச்சைத்தண்ணீரோடு முழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். படுத்தால் மாத்திரை மேலே எதுக்களித்து உணவுக்குழாயைப் புண்ணாக்கும். நெஞ்செரிச்சல் என்று பாதியில் நிறுத்துகிறவர்களில் எத்தனை பேர் இந்த அரை மணியைப் படுக்கையில் கழித்தவர்களோ!

சரி, தொடை? இடிப்பு வருடக்கணக்கில் அடங்கிக் கிடந்தால் அந்த நுண்ணிய விரிசல்களைச் செப்பனிடும் வேலையும் மந்தமாகும். உடல் பாரத்தைத் தாங்கும் தொடை எலும்பின் நடுப்பகுதியில் விரிசல் சேர்ந்து, பெரிதாக விழாமலேயே முறியலாம் என்பதுதான் பரவலான விளக்கம். ஆக, மருந்தின் நன்மைக்கும் இந்தத் தீமைக்கும் வேர் ஒன்றே. பெரியம்மா கேட்டது தப்பே இல்லை. ஆனால் எத்தனை பேருக்கு?

தெற்குக் கலிபோர்னியாவில் 50 வயதைத் தாண்டிய ஏறக்குறைய இரண்டு லட்சம் பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் ஒரு கணக்கு வெளியானது. 10,000 ஆசியப் பெண்கள் மூன்று வருடம் இந்த வகை மருந்தைச் சாப்பிட்டால் 91 இடுப்பு முறிவுகள் தவிர்க்கப்படும், இந்தத் தொடை முறிவு 8 பேருக்கு வரும். வெள்ளைக்காரப் பெண்களில் அதுவே 149-க்கு 2. அங்கே ஆசியர் என்றால் பல நாட்டவரும் சேர்த்திதான், அப்படியே நம் கணக்கு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் நமக்கு லாபம் கொஞ்சம் குறைவாகவும் ஆபத்து கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 91 எங்கே, 8 எங்கே என்பதையும்தான். மருந்தை நிறுத்தியதும் அந்த ஆபத்து வேகமாக இறங்கியது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. மருந்தோ எலும்பில் தங்கியிருந்து இன்னும் சில காலம் வேலை செய்யும். அதனால்தான் ஐந்து வருடம் கழித்துப் பலருக்கு மருந்துக்கு விடுமுறை கொடுக்கிறார்கள். இடையில் தொடையிலோ கவட்டையிலோ வாரக்கணக்கில் மந்தமான வலி இருந்தால் மூட்டுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

தாடைப் பிரச்சினை பெரும்பாலும் புற்றுநோய்க்காக இதே வகை மருந்தை அதிக அளவில் ஊசியாகப் போட்டுக்கொள்பவர்களுக்கு வருவது. எலும்புப்புரை அளவில் அபூர்வம். பல் பிடுங்க வேண்டியிருந்தால் முன்பே பிடுங்கிக்கொள்வது நல்லது.

இதற்காக எல்லோரும் சாப்பிட வேண்டும் என்றில்லை. 52 வயது, டி-ஸ்கோர் மைனஸ் 1.5, இதுவரை எதுவும் முறிந்ததில்லை என்பவருக்குத் தவிர்க்க வேண்டிய முறிவே குறைவு. சிறுநீரகம் ரொம்பப் பழுதானவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி சுலபமாயிற்றே என்று டெனோசுமாப் என்ற வேறொரு எலும்புப்புரை மருந்தின் பக்கம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அதற்கு விடுமுறை கிடையாது. மாற்று மருந்து இல்லாமல் விட்டுவிட்டால் எலும்பு மளமளவென்று கரைந்து, முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கிய கதைகள் உண்டு.

பெரியம்மா முதலில் ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வைட்டமின் டி குறைவாக இருந்தது, அதைச் சரிசெய்தார்கள். அப்புறம் டாக்டரிடம் அவர் கேட்டது ஒன்றுதான், எப்போது நிறுத்துவது என்று. ஐந்து வருடம் தள்ளி வரும் தேதியை அட்டைப் பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தார்.