தேசிய வளர்ச்சிக் கவுன்சில்: குழுவா, மன்றமா?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. ‘திட்டக் குழு’ (பிளானிங் கமிஷன்) என்று ஓர் அமைப்பு, ‘தேசிய வளர்ச்சிக் குழு’ (நேஷனல் டெவலப்மென்ட் கவுன்சில்) என்று இன்னோர் அமைப்பு. இரண்டுக்கும் பிரதமரே தலைவராக இருந்தார், இரண்டும் ஐந்தாண்டுத் திட்டத்தோடு தொடர்புடையவையாக இருந்தன. எது எதற்கு மேல், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பெயரைப் பார்த்தால் தெரியவில்லை. மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேறு வேறான இரண்டு அமைப்புகளுக்கு ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டோம்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். திட்டக் குழு 1950 மார்ச் 15 அன்று பிறந்தது. திட்டம் வகுக்கும் வல்லுநர்களும் அமைச்சர்கள் சிலரும் அதில் இருந்தார்கள், எல்லாரும் நடுவண் அரசு நியமித்தவர்கள். டெல்லியில் தீட்டும் திட்டத்தை நிறைவேற்ற வேண்டியவையோ மாநிலங்கள். பள்ளி, மருத்துவமனை, பாசனம், வேளாண்மை எல்லாம் அவற்றின் கையில்தான். மாநிலங்களின் ஒப்புதல் இல்லாத திட்டம் தாளோடு நின்றுவிடும். அதனால் 1952 ஆகஸ்ட் 6 அன்று, அமைச்சரவைத் தீர்மானத்தின் வழியாக, தேசிய வளர்ச்சிக் கவுன்சில் அமைந்தது. பிரதமரும் எல்லா முதலமைச்சர்களும் திட்டக் குழு உறுப்பினர்களும் அதில் அமர்ந்தார்கள். 1967இல் மாற்றியமைத்தபோது நடுவண் அமைச்சரவையின் அமைச்சர்களும் ஒன்றியப் பகுதிகளின் ஆட்சியாளர்களும் சேர்ந்தார்கள். திட்டத்துக்கு நெறிமுறை வகுப்பது, திட்டக் குழு தயாரித்ததை ஆராய்ந்து ஒப்புவது, நடைபெறும் திட்டத்தை அவ்வப்போது மீள்பார்வையிடுவது ஆகியவை அதன் பணிகள்.

சுருங்கச் சொன்னால், ஒன்று திட்டம் எழுதும் இடம், மற்றொன்று அதை ஏற்கலாமா என்று கூடிப் பேசும் இடம். இந்த வேறுபாட்டைத்தான் ‘குழு’ என்ற சொல் அழித்துவிடுகிறது.

‘கவுன்சில்’ இலத்தீனத்தின் ‘கொன்கிலியும்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘கொன்’ என்றால் ஒன்றாக, ‘கலாரே’ என்றால் கூவி அழைத்தல். அழைத்துக் கூட்டிய கூட்டம் என்பதே அடிப்படைப் பொருள். அதே மொழியில் ‘கொன்சிலியும்’ என்று இன்னொரு சொல் உண்டு, அதற்கு ஆலோசனை என்று பொருள். இரண்டும் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஒலியும் பொருளும் நெடுங்காலம் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன. கூடும் இடம், கூடிச் சொல்லும் யோசனை என்ற இரண்டு நிழலும் இன்றைய ‘கவுன்சிலில்’ இருக்கின்றன. நம்மிடம் இந்த இரண்டாவது பொருளுக்குச் ‘சூழ்தல்’ இருந்தது. ‘சூழ்வார்’ என்று குறள் சொல்வது அரசனுக்கு எண்ணிச் சொல்லும் அறிஞரைத்தான். ‘சூழ்ச்சி’ இன்று சதி என்ற பொருளில் தேய்ந்துவிட்டதால் அதை மீட்பது எளிதல்ல.

தமிழ்நாட்டில் இந்தச் சொல் 1861ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டம் போன்றவற்றால் ஆட்சி வழக்கில் ஊன்றியது. தெருவில் இன்றும் ‘எங்க வார்டு கவுன்சிலர்’ என்றுதான் பேச்சு. ஆனால் அலுவலகப் பலகையில் அவர் ‘மாமன்ற உறுப்பினர்’, நகராட்சியில் ‘நகர்மன்ற உறுப்பினர்’. அமைச்சர்களின் கவுன்சில் ‘அமைச்சரவை’. 1986இல் நீக்கிய சட்டமன்றக் கவுன்சில் ‘மேலவை’. அதாவது, ‘கவுன்சிலுக்கு’ மன்றம், அவை என்ற இரண்டு சொற்களை ஆட்சித்தமிழ் ஏற்கெனவே தேர்ந்து பழக்கிவிட்டது. வளர்ச்சிக் கவுன்சிலுக்கு மட்டும் ஏன் ‘குழு’ வந்தது?

‘குழு’ நல்ல சொல். குழுமுதல், குழாம் எல்லாம் அதன் உறவு. ஆனால் ஆட்சிச் சொல்லாக அதற்கு ஒரு சாய்வு உண்டு. சிலப்பதிகாரம் சொல்லும் ‘ஐம்பெருங்குழு’வை எடுத்துக்கொள்ளுங்கள். அமைச்சர், தூதர், சாரணர் என்று அரசனைச் சுற்றி நிற்கும், அரசன் அமர்த்திய ஆட்கள் அவர்கள். இன்றும் ஆய்வுக் குழு, தேர்வுக் குழு என்றால் யாரோ ஒருவர் அமைத்த சிறு கூட்டம் என்றே புரிந்துகொள்கிறோம். அமைத்தவர் கலைக்கலாம். திட்டக் குழுவுக்கு அது பொருத்தமான பெயர்தான்.

முதலமைச்சர்கள் அப்படி வந்தவர்கள் அல்லர். மக்கள் வாக்கால் கிடைத்த பதவியோடு, தம் மாநிலத்தின் சார்பில், தமக்குரிய உரிமையால் வந்து உட்கார்ந்தவர்கள். அதற்கு ‘மன்றம்’ எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். மன்று என்பது ஊர்ப் பொதுவிடம். புறநானூற்றில் வரும் ‘மன்றப் பலவு’ ஊர்ப் பொதுவில் நிற்கும் பலாமரம், எவர் வீட்டு முற்றத்து மரமும் அன்று. அங்கே வழக்குரைப்பதுதான் மன்றாடுதல். பின்னால் அது கெஞ்சுதல் என்று சுருங்கியது. மன்றில் நின்று முறையிட்டவனுக்குக் கேட்கும் உரிமை இருந்தது என்பதை அந்தச் சொல்லே நினைவூட்டுகிறது.

கேட்டதற்குப் பலன் கிடைத்த வேளைகளும் உண்டு. நான்காம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு நடுவண் உதவியை எப்படிப் பகிர்வது என்ற கேள்விக்கு, 1969இல் இந்த மன்றம் காட்கில் வாய்பாட்டை ஏற்றது. சிறப்புப் பிரிவு மாநிலங்களுக்கு முதலில் ஒதுக்கியபின், மீதியில் மக்கள்தொகைக்கு 60 விழுக்காடு. தனிநபர் வருமானம், வரி திரட்ட மாநிலம் எடுக்கும் முயற்சி, நடைபெறும் பெரும் பாசன, மின் திட்டங்கள், மாநிலத்தின் தனிச் சிக்கல்கள் ஆகிய நான்குக்கும் தலா 10. பணம் யாருக்கு எவ்வளவு என்பதற்கு எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு கணக்கு கிடைத்தது. நிதிக்குழுத் தலைவராக இருந்த கே. சந்தானம், இந்த அமைப்பு இந்தியக் கூட்டாட்சி முழுவதற்குமான ஒரு மேல் அமைச்சரவை போலாகிவிட்டது என்று கருதியது அதன் செல்வாக்கைக் கண்டுதான்.

அந்தச் செல்வாக்குக்குச் சட்டத்தின் காவல் இல்லை. அரசியலமைப்பில் இடமில்லை, நாடாளுமன்றச் சட்டமும் இல்லை. நடுவண், மாநில அரசுகளின் உறவை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் இதைத் தேசியப் பொருளாதார, வளர்ச்சி மன்றம் என்று பெயர் மாற்றி, மாநிலங்களுக்கிடையிலான மன்றம் பற்றிய அரசியலமைப்பின் 263ஆம் பிரிவின் கீழ் கொண்டுவரப் பரிந்துரைத்தது. அது நடக்கவில்லை. சரக்கு, சேவை வரி மன்றத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே மாநிலங்களின் வாக்குக்கு மூன்றில் இரண்டு பங்கு எடை என்று அரசியலமைப்பே எழுதிவைத்திருக்கிறது.

‘வளர்ச்சி’ பற்றியும் ஒரு சொல். பொருளாதாரம் ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு கூடியது என்பது வளர்ச்சி. ஊருக்குக் குடிநீரும் பிள்ளைக்குப் படிப்பும் கிடைத்து வாழ்வு உயர்வது மேம்பாடு. இந்த மன்றத்தின் வேலை இரண்டாவது. ‘தேசிய’ என்பது வடசொல்லானாலும் ஊன்றிவிட்டது, அதைப் பெயர்க்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. ஆகவே என் பரிந்துரை: தேசிய மேம்பாட்டு மன்றம்.

எழுதும்போது இப்படி எழுதலாம்: ‘2012 டிசம்பர் 27 அன்று கூடிய தேசிய மேம்பாட்டு மன்றத்தின் 57ஆவது கூட்டம் பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை ஏற்றது.’ அந்தக் கூட்டத்தில்தான், பேச்சுக்குத் தந்த பத்து நிமிடம் முடிந்ததென்று மணி அடித்ததும், தமிழ்நாட்டு முதலமைச்சர் ஜெயலலிதா எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறினார். 2015 ஜனவரி 1 அன்று திட்டக் குழுவின் இடத்துக்கு நிதி ஆயோக் வந்தது. முதலமைச்சர்கள் இப்போது அதன் ஆளுகை மன்றத்தில் கூடுகிறார்கள். 57ஆவது கூட்டத்துக்குப் பிறகு தேசிய மேம்பாட்டு மன்றம் கூடவில்லை.