‘இட் சீம்ஸ்’ சொல்வதற்கு முன்னால்

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு ஆங்கிலம் பேசப் பயமில்லை. தர்மபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து சில மாதங்களிலேயே மீட்டிங், கஸ்டமர் கால் எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறார்கள். அவர்களுக்குத்தான் வார இறுதியில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். டென்ஸிலோ ஆர்ட்டிகிளிலோ ஒரு பிழை வந்தால் நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை, எதிரில் இருப்பவர் எப்படியும் புரிந்துகொள்வார். என் கவலை வேறு. நமக்குத் தெரிந்தது, நாம் நினைப்பது, யாரோ சொல்லிக் கேட்டது மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேசிவிடுகிறோம். வாக்கியம் சரியாக இருக்கும், அர்த்தம் வேறாகப் போய்ச் சேர்ந்திருக்கும். தப்பு நடந்ததே இரு தரப்புக்கும் தெரியாது.

இதில் முதலிடம் ‘இட் சீம்ஸ்’ என்பதற்குத்தான். ‘மாத்திரை போட்டாராம்’ என்று தமிழில் சொன்னால், நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்பது கேட்டவுடனே புரிந்துவிடும். வாக்கியத்தின் கடைசியில் வரும் அந்த ‘ஆம்’ அத்தனை வேலையையும் செய்துவிடுகிறது. கன்னடத்திலும் அப்படியே. நாம் ‘வருவானாம்’ என்பதை அவர்கள் ‘பர்த்தானந்தே’ என்பார்கள். இரண்டு பேரும் ஆங்கிலத்துக்கு வரும்போது அந்த இடத்தில் ‘இட் சீம்ஸ்’ போடுகிறோம். ‘ஹி இஸ் நாட் கமிங், இட் சீம்ஸ்.’ ஊருக்குள் எல்லோருக்கும் இது புரிகிறது, அதனால் யாரும் திருத்துவதும் இல்லை. வெளியாட்களிடம் பேசும்போதுதான் சிக்கல். ‘நான் பார்த்தவரை எனக்கு இப்படித் தோன்றுகிறது’ என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். யாரோ சொன்னது உங்கள் அனுமானமாகிவிடும்.

என் வகுப்புக்கு வரும் ஒரு நர்ஸிடம், ஷிப்ட் மாறும்போது டாக்டரிடம் என்ன சொல்வீர்களோ அதை அப்படியே சொல்லிக் காட்டுங்கள் என்றேன். ‘தி பேஷன்ட் டுக் ஹிஸ் பிபி டேப்லெட் அட் ஹோம், இட் சீம்ஸ்’ என்றார்.

“யாரும்மா சொன்னது?”

“அவரோட வீட்டுக்காரம்மா சொன்னாங்க மேடம்.”

“மாத்திரை அட்டையைப் பார்த்தீங்களா?”

“இல்ல மேடம்.”

வேறு மாநிலத்து டாக்டர் ஒருவர் இதைக் கேட்டால், நர்ஸ் அட்டையையோ பிபி ரீடிங்கையோ பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார் என்று நினைக்க இடமிருக்கிறது. அடுத்த டோஸ் கொடுப்பதா வேண்டாமா என்பது இதை வைத்து முடிவாகும் விஷயம். ‘ஹிஸ் ஒய்ஃப் டோல்ட் மீ தட் ஹி டுக் இட் அட் ஹோம். ஐ ஹேவன்ட் செக்ட்’ என்று சொல்லிப் பழகச் சொன்னேன். யார் சொன்னார்கள், நான் பார்த்தேனா இல்லையா, இரண்டும் வந்துவிட்டது. அதற்கு மேல் டாக்டர் பார்த்துக்கொள்வார்.

சொன்னவர் யார் என்று தெரிந்தால் அவரையே குறிப்பிட்டுவிடுவது நல்லது. தெரியாவிட்டால் ‘ஐ ஹர்ட் தட்’, ‘ஐ வாஸ் டோல்ட் தட்’. பேச்சில் ‘அப்பேரன்ட்லி’ நம்முடைய ‘ஆம்’ என்பதற்கு மிக அருகில் வரும். ஊரே சொல்கிறது என்றால் ‘பீப்பிள் சே தட்’, ‘இட் இஸ் செட் தட்’, ‘இட் இஸ் பிலீவ்ட் தட்’. வகுப்பில் இதற்கு இந்த ஊர்ப் பெயரையே உதாரணமாக எடுப்பேன். வழி தவறி வந்த ஹொய்சள அரசன் வீர பல்லாளனுக்கு ஒரு பாட்டி வெந்த பயறு கொடுத்தாளாம், அதனால் ‘பெந்த காளூரு’ என்று பெயர் வந்ததாம். இதை ‘தி நேம் இஸ் செட் டு கம் ஃப்ரம் பாயில்ட் பீன்ஸ்’ என்று சொல்ல வேண்டும். ‘கம்ஸ் ஃப்ரம்’ என்று அடித்துச் சொல்லக் கூடாது. ஏனென்றால் பெங்களூரிலேயே உள்ள பேகூர் கோயிலில் இருக்கும் 9ஆம் நூற்றாண்டு நடுகல்லிலேயே பெங்களூர் என்ற பெயர் வந்துவிட்டது. அந்த அரசனோ அதற்கு வெகுகாலம் பிந்தியவன். நடுகல்லைப் பற்றி மட்டும் ‘தி இன்ஸ்கிரிப்ஷன் மென்ஷன்ஸ் தி நேம்’ என்று நேராகவே சொல்லலாம், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

அடுத்து ‘டவுட்’. இது இன்னும் ஆபத்தானது. ‘பணத்தை அவன்தான் எடுத்திருப்பான்னு எனக்குச் சந்தேகம்’ என்பதை ‘ஐ டவுட் ஹி டுக் தி மனி’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு, அவன் எடுத்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை என்று பொருள். நேர் எதிர்! ‘ஐ சஸ்பெக்ட் ஹி டுக் தி மனி’ என்பதுதான் நாம் சொல்ல வந்தது. எச்ஆருக்கு எழுதும் புகாரில் இந்த ஒரு சொல் மாறினால் நீங்கள் யார் பக்கம் என்பதே மாறிவிடும். கேள்வி கேட்பதற்கு ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று ஆரம்பிப்பதையும் வெளிநாட்டு கிளையன்ட்டிடம் விட்டுவிடுங்கள். அவர் சொன்னதில் உங்களுக்கு நம்பிக்கையில்லை என்று நினைத்துக்கொள்வார். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ போதும்.

‘திங்க்’ பற்றிச் சுருக்கமாகச் சிலது. ‘வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாதுன்னு நினைக்கிறேன்’ என்று நாம் ‘முடியாது’ என்பதில் எதிர்மறையை வைக்கிறோம். ஆங்கிலத்தில் அதைத் தூக்கி ‘திங்க்’ பக்கம் வைப்பதுதான் வழக்கம்: ‘ஐ டோன்ட் திங்க் வி கேன் ஃபினிஷ் இட் பை ஃப்ரைடே.’ முடியாது என்பதைக் கொஞ்சம் மென்மையாகச் சொன்னதாகவும் ஆகும். ‘ஹோப்’ மட்டும் இதற்கு ஒத்துவராது, அங்கே ‘ஐ ஹோப் இட் டஸ்ன்ட் ரெயின்’ தான். ‘வருவீங்கன்னு நினைச்சேன்’ என்பது ‘ஐ தாட் யூ வுட் கம்’. தமிழில் ‘வருவீங்க’ அப்படியே நிற்கிறது, ஆங்கிலத்தில் ‘வில்’ என்பது ‘வுட்’ ஆக வேண்டும். கருத்தைச் சொல்ல ‘ஐ ஆம் திங்கிங் தட்’ வேண்டாம், ‘ஐ திங்க்’ சரி. யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றால் ‘ஐ ஆம் திங்கிங் அபௌட் இட்’. ‘அக்கார்டிங் டு’ என்பது அடுத்தவர் கருத்துக்கு, சொந்தக் கருத்துக்கு ‘இன் மை ஒபீனியன்’.

அப்புறம், நன்றாக வேலை தெரிந்த பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்க்கும் பழக்கம் ஒன்று. எல்லா வாக்கியத்துக்கும் முன்னால் மரியாதைக்காக ‘ஐ திங்க்’ போட்டுவிடுகிறார்கள். ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்ப்பவர்கள் இதை அடிக்கடி செய்கிறார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து சாஃப்ட்வேரில் இருந்த பிழையை, அதாவது ‘பக்’கை, சரிசெய்து, டெஸ்ட்டும் செய்துவிட்டு, காலையில் ‘ஐ திங்க் தி பக் இஸ் ஃபிக்ஸ்ட்’ என்கிறார்கள். கேட்கும் மேனேஜருக்கு அது ‘உறுதியில்லை’ என்றுதான் கேட்கிறது, இன்னொருவரை விட்டுத் திரும்பப் பார்க்கச் சொல்கிறார். செய்த வேலைக்கு உரிய மதிப்பு இப்படிப் பறிபோவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. டெஸ்ட் செய்தாகிவிட்டதென்றால் ‘தி பக் இஸ் ஃபிக்ஸ்ட். ஐ டெஸ்டட் இட் லாஸ்ட் நைட்’ என்று சொல்லுங்கள். பாதிதான் பார்த்திருக்கிறீர்களா, அதற்கும் ‘ஐ திங்க்’ தேவையில்லை: ‘இட் ஒர்க்ஸ் ஆன் மை சிஸ்டம். ஐ ஹேவன்ட் டெஸ்டட் இட் ஆன் தி சர்வர் எட்.’