அழுக்கு என்று நினைத்துத் தோலைத் தேய்ப்பவர்களுக்கு

உட்கார்ந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டார். கட்டை விரலை லேசாக நனைத்து முன்கையில் நாலு இழுப்பு தேய்த்தார். சாம்பல் நிறத்தில் மெல்லிய திரிகள் உருண்டு வந்தன. "பாருங்க டாக்டர், காலைலதான் நார் போட்டு அரை மணி நேரம் தேய்ச்சுக் குளிச்சேன். இன்னும் எவ்வளவு அழுக்கு!"

வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அவர் வந்தது அரிப்புக்காக. ஆறு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. அழுக்கு போகாததால்தான் அரிக்கிறது என்று முடிவு கட்டி, அரிக்க அரிக்க இன்னும் அழுத்தித் தேய்த்திருக்கிறார். இரண்டு கால்களின் முன்பக்கமும் வற்றிய குளத்து மண் மாதிரி வெடித்துக் கிடந்தது.

அவர் எனக்கு உருட்டிக் காட்டிய திரியில் பெரும்பகுதி அவருடைய சொந்தத் தோல்.

பள்ளிக்கூடத்தில் தோலைப் படம் வரைந்து பாகம் குறித்திருப்போம். மேல்தோல், உள்தோல், அடியில் கொழுப்பு. வியர்வைச் சுரப்பி, முடிவேர், நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் உள்தோலில் இருக்கும், அவற்றுக்கே முக்கால்வாசிப் படம் போய்விடும். உச்சியில் ஒரு கோடு மட்டும் மிஞ்சும். என்னிடம் வரும் புகார்களில் பாதிக்குமேல் அந்தக் கோட்டைப் பற்றியவைதான்.

அந்தக் கோடு, இறந்த செல்கள் பதினைந்து இருபது வரிசையாக அடுக்கிய ஒரு படலம். உள்ளங்கை, உள்ளங்காலைத் தவிர மற்ற இடங்களில் அதன் தடிமன் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர்தான். நாம் எழுதும் தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. மேல்தோலின் அடிவரிசையில் பிறக்கும் செல், மேலே நகர நகரத் தட்டையாகி, உட்கருவை இழந்து, கெரட்டின் என்ற புரதம் அடைத்த செதிலாக மாறுகிறது. பிறந்ததிலிருந்து உதிர்வதுவரை சுமார் ஒரு மாதம். செதில்களுக்கு நடுவே செராமைடு என்ற கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த ஒரு பூச்சு இருக்கிறது. செதில் செங்கல் என்றால் இந்தப் பூச்சுதான் சாந்து. உடம்பின் தண்ணீர் வெளியே போகாமலும், வெளியிலிருப்பது உள்ளே வராமலும் காப்பது இந்தச் சுவர். முகத்தில் எண்ணெய் வழிகிறதே, எனக்கு வறட்சி எப்படி வரும் என்று சிலர் கேட்பார்கள். அந்த எண்ணெய் வேறு சுரப்பியின் வேலை. சாந்து கரைந்துபோன சுவரை அதனால் ஒட்டவைக்க முடியாது.

நார் செங்கல்லைப் பெயர்க்கிறது. சோப்பு சாந்தைக் கரைக்கிறது. அதோடு, தோலின் மேற்பரப்பு இயல்பாகவே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, பிஎச் 4.5 முதல் 5.5 வரை (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்). சாதாரண சோப்பு 9 அல்லது 10. சாந்தைத் தயாரிக்கும் நொதிகளுக்கு அந்த அமிலம் வேண்டும். குளித்து முடித்ததும் தோல் இழுத்துப் பிடிக்கிறதே, அதைத்தான் நாம் சுத்தம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். வயதாக ஆகச் சாந்து உற்பத்தியும் குறையும். இருபது வயதில் தாங்கிய நாரை அறுபதில் தோல் தாங்காது.

சுவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரியும் இல்லை. 1967இல் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை (அரிப்பையும் சிவப்பையும் அடக்கும் மருந்து) உடம்பின் பல இடங்களில் தடவி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் 1 பங்கு போனால், நெற்றியில் 6 பங்கு, விதைப்பையில் 42 பங்கு. மருந்து ஒன்றுதான், இடம்தான் வேறு. யாரோ முதுகுக்கு வாங்கிய களிம்பைத் தொடையிடுக்கில் தடவாதீர்கள் என்று நான் கத்துவதற்கு இந்த 42தான் காரணம்.

படர்தாமரையில் இது இன்னும் மோசம். அந்தப் பூஞ்சை குடியிருப்பதே நான் சொன்ன இறந்த அடுக்கில்தான். கெரட்டின்தான் அதற்குச் சாப்பாடு. ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கிவிடும். உடம்பின் எதிர்ப்பு அடங்கிப்போனதால் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். மூன்றாவது டியூபோடுதான் என்னிடம் வருவார்கள். அதற்குள் வட்டம் வட்டமாக இருந்தது உருத்தெரியாமல் பரவியிருக்கும், தோல் மெலிந்து வரிவரியாகப் பிளந்திருக்கும்.

முகம் வெளுக்க என்று தடவுவதிலும் இதே கதைதான். நிறத்தை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை மனிதர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை தயாரிக்கும் நிறமியின் அளவும் வகையும்தான் வேறு. அந்த நிறமித் துகள்கள் பக்கத்து மேல்தோல் செல்களுக்குள் போய், உட்கருவுக்கு மேலே குடை மாதிரி நின்று வெயிலின் புறஊதாக் கதிரை வாங்கிக்கொள்கின்றன. குடையைப் பிடுங்கத்தான் ஸ்டீராய்டு கலந்த கிரீமை மாதக்கணக்கில் பூசுகிறார்கள். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், எரிகிறதே என்று மறுபடி பூசுவார்கள். நீண்ட நாளாகப் பூசி வருபவர்கள் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரைப் பார்த்துப் படிப்படியாகக் குறைப்பது நல்லது.

சரி, அவர் விஷயத்துக்கு வருகிறேன். தடிப்பு இல்லாத அரிப்பு சிலசமயம் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றிலிருந்தும் வரும். வயதானவர்களுக்கு அதைப் பார்க்காமல் விடக் கூடாது. ரத்தம் எடுத்துப் பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம்தான் குளியலைப் பற்றிப் பேசினேன். வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடத்துக்குள் குளியல். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுவதும் காயும் முன்பே வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் அல்லது பெட்ரோலியம் ஜெல்லி. வெடித்த இடத்துக்குக் கொஞ்ச நாளுக்கு மட்டும் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தேன். அதற்கும் அளவு உண்டு: ஆள்காட்டி விரலில் நுனிக்கு அடுத்துள்ள மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கினால் சுமார் அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும்.

நாரைத் தூக்கிப் போடச் சொன்னபோதுதான் முகம் வாடிவிட்டது. "தேய்க்காம குளிச்சா குளிச்ச மாதிரியே இருக்காதே டாக்டர்?"

ஐந்து வாரம் கழித்து வந்தார். கால் ஆறியிருந்தது, தூக்கம் வருகிறதாம். நார் எங்கே என்று கேட்டேன், பாத்திரம் துலக்கப் போய்விட்டது என்றார். எழுந்து கதவுவரை போனவர், நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கட்டை விரலால் முன்கையை ஒரு இழுப்பு தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போனார்.